மெட்டல் டிடெக்டரின் இரண்டாவது மெனு



மெட்டல் டிடெக்டர் என்றதும் நம் கண் முன்னே வருவது கோயில் வாசலிலும் கோர்ட் வாசலிலும் கதவு நிலை போல நிற்கும் கருவிதான். சாவிக்கொத்துக்கும் கத்தும், பெல்ட் பக்கிளுக்கும் கத்தும். காவலர் "போங்க, போங்க" என்று கையைக் காட்டிவிடுவார். நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. மசாலாப் பொடி, ஊறுகாய், பிஸ்கட், சேமியா தயாரிக்கும் கம்பெனிகளில் பேக்கிங் லைனின் கடைசியில், கன்வேயர் பெல்ட்டைச் சுற்றி ஒரு சின்ன ஜன்னல் மாதிரி நிற்கிறதே, அந்த டிடெக்டரைப் பற்றி. அதன் வழியாகப் போகும் பாக்கெட்டில் கடுகளவு இரும்பு இருந்தாலும் பிடித்து வெளியே தள்ள வேண்டும். அங்கே "போங்க, போங்க" கிடையாது. நாமும் நம் வீட்டுக் குழந்தைகளும் சாப்பிடுகிற பாக்கெட் அது.

நான் எலெக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு. போன கோடை விடுமுறையில் இன்பிளான்ட் டிரெய்னிங்குக்காக இரண்டு வாரம் ஒரு மசாலா, ஊறுகாய்க் கம்பெனிக்குப் போயிருந்தேன். அங்கே மெயின்டெனன்ஸில் இருந்த அண்ணன் ஒருவர்தான் இந்த மிஷினை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். இதற்கு இரண்டு மெனு. முதல் மெனுவில் ப்ராடக்டின் பெயரும், சென்சிட்டிவிட்டி என்ற ஓர் எண்ணும் இருக்கும். இரண்டாவது மெனு பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும். அதில் ஃபேஸ், ஃப்ரீக்வன்சி, ஃபில்டர், ரிஜெக்ட் டிலே என்று வரிசையாக வரும். "மொத மெனு ஆபரேட்டருக்கு தம்பி, ரெண்டாவது மெனு நமக்கு" என்பார் அவர்.

எனக்கு இதில் அக்கறை வர இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா வேறொரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறார். பாக்கெட் கணக்குக்குத்தான் கூலி. "மிஷின் சும்மா சும்மா கத்துனா பாக்கெட்டைப் பிரிச்சுக் கொட்டி மறுபடி கட்டணும். அந்த நேரத்துக்குக் காசு கிடையாது" என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்கு அங்கே நடக்கும் வைத்தியம் சென்சிட்டிவிட்டியைக் குறைப்பது. கத்தல் நின்றுவிடும். கூடவே இரும்பும் தாண்டிப் போய்விடும். கூலியும் குறையாமல், இரும்பும் தப்பாமல் இருக்க வழி உண்டா என்றால், உண்டு. அது பெரும்பாலும் அந்த இரண்டாவது மெனுவில்தான் இருக்கிறது.

உள்ளே இருப்பது மூன்று காயில்

ஜன்னல் போன்ற அந்தப் பெட்டிக்குள் மூன்று காயில்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்றப்பட்டிருக்கின்றன. பாக்கெட் மூன்றுக்கும் நடுவே புகுந்து போகிறது. நடுக் காயில் டிரான்ஸ்மிட்டர். ஆசிலேட்டரிலிருந்து வரும் ஏ.சி. அதில் ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் உள்ள காயில்கள் ரிசீவர்கள். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இங்கும் வேலை செய்கிறது. இரண்டு ரிசீவரிலும் சமமான வோல்டேஜ் வரும். ஆனால் அவை எதிர் எதிராக இணைக்கப்பட்டிருப்பதால் கூட்டினால் சைபர். நம் லேபில் செய்த வீட்ஸ்டோன் பிரிட்ஜ் பேலன்ஸ் ஆகும்போது கால்வனோமீட்டர் முள் நடுவில் நிற்குமே, அதே கதைதான்.

ஒரு உலோகத் துண்டு உள்ளே வந்தால் முதலில் ஒரு ரிசீவர் பக்கம் பேலன்ஸ் கெடும், நடுவில் சைபரைத் தொடும், பிறகு மறுபக்கம் கெடும். ஸ்கோப்பில் பார்த்தால் ஏறி இறங்கும் ஒரு சின்ன அலை. அதன் உச்சம் ஓர் எல்லையைத் தாண்டினால் ரிஜெக்ட்.

இந்தப் 'பேலன்ஸ்' வித்தை புதியதல்ல. 1881 ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று டாக்டர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. டெலிபோன் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், காயில்களையும் டெலிபோன் ரிசீவரையும் வைத்து இண்டக்‌ஷன் பேலன்ஸ் என்ற கருவியைச் செய்துகொண்டு போனார். குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இரும்புக் கம்பிச் சுருள்கள் இருந்தது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. டாக்டர் தேடச் சொன்ன பக்கமும் வேறு. செப்டம்பர் 19-இல் ஜனாதிபதி இறந்தார். பெல்லின் கருவி கெட்டுப் போகவில்லை. வேண்டாத சிக்னலிலிருந்து வேண்டிய சிக்னலைப் பிரிக்க அதற்கு வழியில்லை, அவ்வளவுதான். இன்று மசாலாக் கம்பெனியில் நமக்கு இருக்கும் சிக்கலும் அதேதான்.

ஊறுகாயே கத்துகிறது

மிளகாய்ப் பொடி பாக்கெட் போனால் மிஷின் சும்மா இருக்கும். மாங்காய் ஊறுகாய் பாக்கெட் போனால் ஒரு துளி இரும்புகூட இல்லாமலேயே கத்தும். ஏன்? ஊறுகாயில் உப்பும் தண்ணீரும் இருக்கின்றன. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். கடத்தும் எதற்குள்ளும் எடி கரண்ட் சுழலும். ஆகவே ஊறுகாய் தானே ஒரு பெரிய, சோம்பலான உலோகத் துண்டு போல மிஷினுக்குத் தெரிகிறது. இதற்குப் ப்ராடக்ட் எஃபெக்ட் என்று பெயர். ஈரமும் உப்பும் உள்ள இறைச்சி, மீன், சீஸ் எல்லாவற்றுக்கும் இது உண்டு. அதே மீனை உறைய வைத்துவிட்டால் சிக்னல் வெகுவாகக் குறைந்துவிடும், ஐஸில் அயனிகள் ஓட முடியாது என்பதால். இரும்புச் சத்து சேர்த்த மாவு இன்னொரு விதம். அது கடத்தாது, ஆனால் அதிலுள்ள இரும்புத் தூளின் காந்தத் தன்மை சிக்னல் தரும்.

சரி, ஊறுகாயின் சிக்னலும் பெரிசு, உலோகத்தின் சிக்னல் சிறிசு. எப்படிப் பிரிப்பது? அளவை மட்டும் பார்த்தால் முடியவே முடியாது. இங்கேதான் நாம் சர்க்யூட் தியரியில் மார்க்குக்காகப் படித்த ஃபேசர் படம் உதவிக்கு வருகிறது. ஒவ்வொரு சிக்னலுக்கும் நீளம் மட்டுமல்ல, கோணமும் உண்டு. காந்தத் தன்மையால் வரும் சிக்னல் ஒரு அச்சிலும், கடத்தும் தன்மையால் வரும் சிக்னல் அதற்கு 90 டிகிரியில் இன்னொரு அச்சிலும் நிற்கும். சின்ன இரும்புத் துணுக்கு பெரும்பாலும் காந்த அச்சுப் பக்கம். உப்புத் தண்ணீர் கடத்தும் அச்சுப் பக்கம். மற்றவை அவற்றின் அளவையும் ஃப்ரீக்வன்சியையும் பொறுத்து நடுவில் எங்காவது.

'ஃபேஸ்' செட்டிங் என்பது நாம் எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறோம் என்பதுதான். வாழைத்தாரை நீளவாக்கில் பார்த்தால் நீளம். அதன் நுனிக்கு நேரே நின்று பார்த்தால் ஒரு புள்ளி. அது மாதிரி, ஊறுகாயின் சிக்னலை அதன் நுனிக்கு நேரே நின்று பார்த்தால் அது மறைந்துவிடும். வேறு கோணத்தில் இருக்கும் உலோகம் மட்டும் தெரியும். கணக்கில் சொன்னால், தெரியும் சிக்னல் = நீளம் × சைன் (சிக்னலின் கோணம் − ஃபேஸ் செட்டிங்).

எண்கள் போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் புரிந்தது. நீங்களும் கால்குலேட்டர் எடுங்கள். இவை விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள், மிஷினுக்கு மிஷின் மாறும்.

ஊறுகாய் பாக்கெட்டின் சிக்னல் நீளம் 1000, கோணம் 20 டிகிரி. ஒரு சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டு: நீளம் 120, கோணம் 50 டிகிரி. எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஃபேஸை 20-இல் வைத்தால் ஊறுகாய் 1000 × சைன் 0, அதாவது சைபர். ஸ்டீல் 120 × சைன் 30 = 60. பாக்கெட்டுக்குப் பாக்கெட் கோணம் அரை டிகிரி முன்னே பின்னே போகும் என்று வைத்தாலும் ஊறுகாய் 9-ஐத் தாண்டாது. எல்லையை 30-இல் வைத்தால் நல்ல பாக்கெட் போகும், ஸ்டீல் உள்ள பாக்கெட் மாட்டும். அழகாக இருக்கிறதல்லவா?

இப்போது யாரோ ஃபேஸை 25-இல் விட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். வெறும் 5 டிகிரி. ஊறுகாய் 1000 × சைன் (−5) = மைனஸ் 87. எல்லை 30 தானே, எல்லா நல்ல பாக்கெட்டும் வெளியே தள்ளப்படும். பேக்கிங் அக்காமார்கள் பிரித்துக் கொட்ட ஆரம்பிப்பார்கள். சூப்பர்வைசர் வந்து சென்சிட்டிவிட்டியைக் குறைப்பார். அதாவது எல்லை 100 ஆகிறது. கத்தல் நின்றது. ஆனால் ஸ்டீல் உள்ள பாக்கெட் வந்தால்? ஸ்டீல் மட்டும் 120 × சைன் 25 = பிளஸ் 51. ஊறுகாய் மைனஸ் 87. இரண்டும் ஒரே சமயத்தில் உச்சத்துக்கு வந்தால் கூட்டுத்தொகை மைனஸ் 36. நல்ல பாக்கெட் 87 காட்டுகிறது, கெட்ட பாக்கெட் 36 காட்டுகிறது! ஊறுகாய், ஸ்டீலைத் தன் முதுகில் மறைத்து வெளியே கொண்டுபோகிறது.

அண்ணன் இதைக் கணக்காகச் சொல்லவில்லை. "ஃபேஸ் தப்பா இருக்கறப்ப சென்சிட்டிவிட்டியைத் தொட்டியோ, பாலுக்குப் பூனையைக் காவல் வெச்ச மாதிரி" என்று மட்டும் சொன்னார். ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து நான் போட்டுப் பார்த்த கணக்கு மேலே உள்ளது.

சோதனைத் துண்டு செய்யும் ஏமாற்று

ஒவ்வொரு ஷிஃப்டிலும் டெஸ்ட் பீஸ் வைத்து மிஷினைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் அட்டைக்குள் அல்லது குச்சிக்குள் பதித்த சின்ன உருண்டை. ஃபெரஸ் 1.5 மி.மீ., நான் ஃபெரஸ் 2.0 மி.மீ., ஸ்டெயின்லெஸ் 2.5 மி.மீ. போன்ற அளவுகள் இருக்கும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மட்டும் ஏன் பெரிய உருண்டை? 316 வகை எஃகுக்குக் காந்தத் தன்மை இல்லை என்றே சொல்லலாம். மின்தடையோ செம்பைவிட சுமார் 40 மடங்கு அதிகம். காந்தமும் இல்லை, கடத்துவதும் மோசம். மிஷினுக்குப் பிடிபடக் கஷ்டமான உலோகம் அதுதான். வேடிக்கை என்னவென்றால் உணவுக் கம்பெனியில் சல்லடை, பிளேடு, திருகு எல்லாமே பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ். உடைந்து விழ வாய்ப்புள்ளதும் அதுதான்.

பல இடங்களில் டெஸ்ட் பீஸை வெறும் பெல்ட்டில் வைத்து ஓட விடுகிறார்கள். கத்தினால் 'ஓகே' என்று நோட்டில் டிக். மேலே உள்ள கணக்கையே எடுங்கள். ஃபேஸ் தப்பாக 25-இல், எல்லை 100-இல் இருக்கிறது. டெஸ்ட் உருண்டை கொஞ்சம் பெரிசு, நீளம் 240 என்போம், கோணம் அதே 50. வெறும் பெல்ட்டில் 240 × சைன் 25 = 101. கத்தும், டிக் விழும். அதே உருண்டையை ஊறுகாய் பாக்கெட்டோடு சேர்த்து அனுப்பினால் 101 − 87 = 14. சத்தமே வராது. நோட்டுப் புத்தகம் முழுக்க டிக், பாக்கெட்டுக்குள் ஸ்டீல். ஆகவே டெஸ்ட் பீஸ் எப்போதும் அன்றைக்கு ஓடுகிற பாக்கெட்டின் மேல்தான் போக வேண்டும்.

அதுவும் ஜன்னலின் நடு மையம் வழியாகப் போக வேண்டும். காயிலுக்குப் பக்கத்தில் எல்லாம் சுலபமாகத் தெரியும். நடு மையம்தான் சென்சிட்டிவிட்டி குறைந்த இடம். சின்னப் பாக்கெட்டுக்குப் பெரிய ஜன்னல் உள்ள மிஷினை வாங்குவதும் இதனால்தான் நஷ்டம். பாக்கெட்டின் முன்பகுதி, நடு, பின்பகுதி மூன்றிலும் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். ரிஜெக்ட் சரியாக நடக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

உருண்டை ஒரு விஷயத்தை மறைத்துவிடுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் உருண்டை உருண்டைதான். உண்மையில் விழுவது சல்லடைக் கம்பி. இரும்புக் கம்பி பெல்ட் போகும் திசையிலேயே படுத்திருந்தால் சுலபமாகப் பிடிபடும், குறுக்கே கிடந்தால் கஷ்டம். ஸ்டெயின்லெஸ், செம்புக் கம்பிகளுக்கு இது தலைகீழ். கம்பி டெஸ்ட் உருண்டையைவிட மெல்லியதாக இருந்து, கஷ்டமான திசையிலும் படுத்துக்கொண்டால் நன்றாக செட் செய்த மிஷினையே தாண்டிவிடும். அதனால்தான் அந்தக் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்ததும் சல்லடையை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்க்கிறார்கள். அரைத்த பொடி வரும் வழியில் காந்தமும் வைத்திருக்கிறார்கள். ஈரோட்டு மஞ்சளோ மிளகாயோ, அரைக்கும்போது மிஷினிலிருந்து தேய்ந்து வரும் இரும்புத் தூளை டிடெக்டர் பார்க்காது, காந்தம்தான் இழுக்கும். டிடெக்டர் இருக்கிறதே என்று காந்தத்தைத் துடைக்காமல் விடுவது என்னைப் பொறுத்தவரை பெரிய தப்பு.

மிஷினுக்குப் பாடம் எடுப்பது

இன்றைய மிஷின்களில் ஃபேஸை நாமே டிகிரி டிகிரியாகத் திருப்ப வேண்டியதில்லை. 'லேர்ன்' என்று ஒரு வசதி இருக்கிறது. நல்ல பாக்கெட்டைச் சில தடவை அனுப்பினால் மிஷினே கோணத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளும். ரொம்ப சௌகரியம். ஆனால் வாத்தியார் சரியில்லை என்றால் மாணவன் என்ன செய்வான்? உலோகம் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த பாக்கெட்டை வைத்துத்தான் கற்றுக் கொடுக்க வேண்டும். ஒரே பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி அனுப்பாமல் லைனில் வரும் வெவ்வேறு பாக்கெட்டுகளை அனுப்புவது நல்லது. அப்போதுதான் பாக்கெட்டுக்குப் பாக்கெட் எவ்வளவு மாறும் என்பது தெரியும்.

சூடும் முக்கியம். உப்புத் தண்ணீரின் கடத்தும் தன்மை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 2 சதவீதம் கூடும். காலையில் ஆறிய ஊறுகாயை வைத்துக் கற்றுக் கொடுத்துவிட்டு, மதியம் சூடாக நிரப்பிய பாக்கெட்டை ஓட்டினால் 20 டிகிரி வித்தியாசத்துக்கு 40 சதவீதம் மாறிவிடும். மிஷின் கத்தாமல் என்ன செய்யும்? இரண்டையும் வேறு வேறு ப்ராடக்ட் பெயரில் சேமித்து வைத்துக்கொண்டால் ஆபரேட்டர் முதல் மெனுவிலேயே மாற்றிக்கொள்வார். அங்கே ஒரு அக்கா என்னிடம், "மாங்காய்க்கு மத்தியானம் மட்டுந்தான் தம்பி கத்துது, காலைல ஒழுங்கா இருக்கு" என்றார். படிக்காதவர்தான், ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்று பாதிக்கு மேல் சொல்லிவிட்டார். அண்ணன் அன்றைக்கே சூட்டுக்கு ஒன்று, ஆறியதற்கு ஒன்று என்று பிரித்து வைத்தார். ஃபேஸ் மாறியது, சென்சிட்டிவிட்டி எண்ணை அவர் தொடவில்லை. மிஷினைத் தொடுவதற்கு முன்னால் அதன் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்பவரிடம் நாலு வார்த்தை கேளுங்கள்.

ஃப்ரீக்வன்சி பற்றிச் சுருக்கமாக. பல பத்து கிலோ ஹெர்ட்ஸில் தொடங்கி ஒரு மெகா ஹெர்ட்ஸ் பக்கம் வரை மிஷின்கள் உண்டு. காய்ந்த பொடிக்கு அதிக ஃப்ரீக்வன்சி நல்லது, ஸ்டெயின்லெஸ் நன்றாகத் தெரியும். ஈரமான உப்புச் சரக்குக்கு அதைக் கூட்டினால் ஊறுகாயின் சத்தமும் கூடிவிடும், ஆகவே குறைந்த ஃப்ரீக்வன்சி. இரண்டு, மூன்று ஃப்ரீக்வன்சியில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் மிஷின்களும் வந்துவிட்டன. அலுமினியத் தாள் பாக்கெட்டுக்கு மட்டும் இந்த செட்டிங் எதுவும் உதவாது. தாளே உலோகம். அதற்கு இரும்பை மட்டும் பிடிக்கும் தனி வகை டிடெக்டர் அல்லது எக்ஸ்ரே மிஷின் வேண்டும், அல்லது பாக்கெட்டில் அடைப்பதற்கு முன்பே சோதித்துவிட வேண்டும்.

எல்லாம் சரியாக வைத்தும் நேரங்காலம் இல்லாமல் கத்தினால் மெனுவை விட்டு வெளியே வாருங்கள். கன்வேயர் ஃப்ரேமில் ஒரு போல்ட் லூசாக இருக்கலாம். தொட்டும் தொடாமலும் இருக்கும் இரும்புச் சட்டம் ஒரு மூடிய லூப் ஆகி, ஆடும்போதெல்லாம் பேலன்ஸைக் கெடுக்கும். பக்கத்தில் மோட்டாரின் வேரியபிள் ஃப்ரீக்வன்சி டிரைவ் இருக்கலாம், வெல்டிங் நடக்கலாம். கையில் வளையலோடு யாராவது ஜன்னலுக்குப் பக்கத்தில் பாக்கெட்டைத் திருத்தி வைத்தாலும் கத்தும். (கண்ணாடி வளையலும் போடக் கூடாது என்பார்கள். அது டிடெக்டருக்காக அல்ல, கண்ணாடித் துண்டு விழக் கூடாது என்பதற்காக.)

மேனுவல் முழுக்க இங்கிலீஷ். தமிழ் மீடியத்தில் படித்து வந்த நமக்கு முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் எதிரே 'இதைக் கூட்டினால் என்ன ஆகும், குறைத்தால் என்ன ஆகும்' என்று தமிழில் எழுதிக்கொண்டே வந்தேன். பத்து நாளில் மெனு மனப்பாடம் ஆகிவிட்டது. எந்த எண்ணை மாற்றினாலும் பழைய எண், புதிய எண், தேதி, மாற்றியவர் பெயர் நான்கையும் மிஷின் நோட்டில் எழுதும் பழக்கம் அங்கே இருக்கிறது. யாரோ எப்போதோ குறைத்து வைத்த சென்சிட்டிவிட்டி அப்படியே தங்கிப் போகாமல் இருப்பது அதனால்தான்.

கடைசியாக ரிஜெக்ட் டிலே. உலோகத்தைக் கண்டுபிடித்த பிறகு அந்தப் பாக்கெட் தள்ளும் கைக்கு முன்னால் வரும் வரை மிஷின் காத்திருக்க வேண்டும். இது தப்பினால் பக்கத்தில் வரும் நல்ல பாக்கெட் கூடையில் விழும், கெட்டது அட்டைப் பெட்டிக்குப் போகும். கணக்கு சுலபம். காயிலின் மையத்திலிருந்து தள்ளும் கை வரை 80 செ.மீ., பெல்ட் வேகம் நிமிடத்துக்கு 20 மீட்டர் என்றால், ஒரு விநாடிக்கு 0.333 மீட்டர். 0.8-ஐ 0.333-ஆல் வகுத்தால் 2.4 விநாடி. ஆர்டர் அவசரம் என்று பெல்ட்டை நிமிடத்துக்கு 30 மீட்டராக உயர்த்தி, டிலேயை மாற்ற மறந்துவிட்டால், தள்ளும் கை நீளும்போது அந்தப் பாக்கெட் எவ்வளவு தூரம் தாண்டிப் போயிருக்கும்? போட்டுப் பாருங்கள். விடை 40 செ.மீ.